காளியாயி கேட்ட கேள்வி

வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு முதன்முதலாக ஸ்பீக்கர் செட் வந்தது 1955இல். அதை அட்டன் டவுனிலிருந்து லொறியில் கொண்டுவந்தவர் வீரய்யா கங்காணி. அம்மனைவிடத் தன் குரல் மேல்தான் அவருக்குப் பக்தி அதிகம்.

தோட்டத்தில் கரண்டு இருந்தது இரண்டே இடத்தில்: தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோரிலும் பெரிய துரையின் பங்களாவிலும். ஓடைத் தண்ணீரில் சுற்றும் ஸ்டோர் டைனமோவைப் பார்த்துக்கொண்டவர் வியாகுலம். பக்கத்துக் கோயிலுக்கு ஒரு வயர் இழுக்கச் சொன்னார் கங்காணி. வியாகுலம் ஸ்பீக்கர் செட்டின் பெட்டியை முதுகுப் பக்கம் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முடியாதுங்க. உள்ள டிரான்ஸ்போமர் இருக்கு. நம்ம கரண்டக் குடுத்தா கருகிப்போகும்."

"மாதா கோயிலுக்கு அறுவது பல்பு கட்டுனீங்களே, அப்பக் கருகலையா? அம்மன்னா மட்டும் கரண்டுக்கும் வேதம் ஞாபகம் வந்துருதோ?"

கத்தோலிக்கரான வியாகுலத்துக்குச் சுருக்கென்றது. அதற்குள் கூட்டம் வேறு கூடிவிட்டது. ஸ்டோருக்குள் போய், பழைய ரேடியோவில் கழற்றிய டிரான்ஸ்போமர் ஒன்றையும் பற்றரியையும் சின்ன பல்பையும் கொண்டுவந்தார். ஒரே இரும்பில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றை ஒன்று தொடவில்லை. ஒன்றில் பற்றரி வயரைத் தொட்டார். மற்றதில் இருந்த பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. வயரை எடுத்தார், மறுபடி ஒரு மினுங்கல்.

"பாத்தீங்களா? கரண்டு ஓடுனா இரும்பு காந்தமாகுது. அந்தக் காந்தம் கூடுறப்பவும் கொறையிறப்பவும் மட்டும்தான் அடுத்த சுருள்ல கரண்டு பொறக்கும். டவுன் கரண்டு செக்கனுக்கு அம்பது தடவ முன்னயும் பின்னயும் போய்வரும். நம்மளது எப்பவும் ஒரே பக்கம்தான் போகும். பல்புக்கு அது போதும். இதுல ஒண்ணும் பொறக்காது, சுருள்தான் சூடேறிக் கருகும்."

"நம்ம கங்காணி காலையில பெரட்டுக்களத்துல ஆளு எண்ணிக்கிட்டு நிக்கிற மாதிரி," என்றாள் கொழுந்து பறிக்கும் காளியாயி. பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சரி, வயர மாத்தி மாத்தித் தொட்டுக்கிட்டே இருந்தா?"

"செக்கனுக்கு அம்பது தடவையா? யாரு தொடுறது?"

"ஸ்டோருல அத்தன சக்கரம் சும்மாதான சுத்துது? அதத் தொடச் சொல்லுங்க."

வியாகுலம் பற்றரியை அப்படியே போட்டுவிட்டு ஸ்டோருக்குள் ஓடினார்.

இரண்டு நாள் அவர் சாப்பாட்டையே மறந்தார். மர உருளை ஒன்றில் செப்புத் தகடுகளைப் பதித்து, ஸ்டோர் பெல்ட்டில் மாட்டினார். உருளை சுற்றச் சுற்ற, பெட்டிக்குப் போகும் கரண்டு திசை மாறி மாறிப் போனது. உருளையிலிருந்து நீலப்பொறி பறந்தது. பூசாரி எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கும் ஒரு சூடம் காட்டினார்.

ஸ்பீக்கர் பாடியது. பாட்டோடு உருளையின் இரைச்சலும் காட்டுப்பன்றி மாதிரிச் சேர்ந்து உறுமியது. ஆனாலும் தொழிலாளர் குடியிருந்த நான்கு லயத்துக்கும் கேட்டது. பிறகு கங்காணி எழுந்து முக்கால் மணி நேரம் பேசினார். உறுமலில் ஒரு சொல்கூட யாருக்கும் விளங்கவில்லை. அவர் பேச்சைக் கடைசிவரை உட்கார்ந்து ஜனங்கள் ரசித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை துரை கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்று நினைத்து, வியாகுலம் அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு போனார். துரையோ, சீமையிலிருந்து வந்து மூன்று வருஷமாக ஊமையாகக் கிடக்கும் ரேடியோவைக் காட்டினார்.

"இதுக்கும் அந்தச் சக்கரம் செய்ய முடியுமா?"

"முடியுங்க தொரை. ஆனா யோசனை என்னோடதில்ல. காளியாயியோடது."

அவளைக் கூட்டிவரப் போன ஆள் தனியாகத் திரும்பினான். "கொழுந்தத் தராசுல நிறுத்துட்டுத்தான் வருவாளாம், தொரை."

துரை காத்திருந்தார், அவருக்கு அது பழக்கமில்லாத வேலை. காளியாயி கூடையோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"சக்கரம் செஞ்சு தர்றோம் தொரை. எங்க லயத்துப் பீலியில இருட்டுல தண்ணி புடிக்கப்போயி ரெண்டு பேரு வழுக்கி விழுந்துட்டாங்க. அங்க ஒரு பல்பு போடுங்க."

துரை ரேடியோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சரி என்றார்.

அடுத்த வாரமே பீலியடியில் பல்பு எரிந்தது. பங்களாவில் லண்டன் செய்தி உறுமிக்கொண்டு வந்தது. துரைசாணி மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.