வாசிக்காமல் விட்ட வரிகள்

கசோண்டே கை கழுவக் கைகளை நீட்டினான். சிலேஷே குடுவையைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். கல்யாணமான பன்னிரண்டு வருடங்களாகத் தினமும் நடக்கிற காரியம்தான். செப்புச் சுரங்கத்தின் ஆபீசில் குமாஸ்தா வேலை முடிந்து இரண்டரை மணிக்கு அவன் வீடு திரும்புவான். அவள் தண்ணீர் ஊற்றுவாள். சோளக் களியும், வேர்க்கடலை போட்டுக் கடைந்த கீரையும், பொடிக் கருவாடும் முன்னால் வரும். ஆனால் அந்த வியாழக்கிழமை அவன் பார்வை தட்டுக்குப் போகவில்லை. அவளுடைய விரல் இடுக்கில் போய் நின்றது. வெள்ளையாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது.

"கையில என்ன?"

"மாவு."

"மாவு தீந்துபோச்சுன்னு காலையில நீதானே சொன்னே?"

"கபாசோ வீட்டுல ஒரு கிண்ணம் வாங்கினேன்" என்றாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு உருண்டை களியைப் பிட்டு, பெருவிரலால் குழித்து, கீரையைத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டான். ருசியே தெரியவில்லை.

கசோண்டே அந்தத் தொழிலாளர் குடியிருப்பில் பெரிய மனிதன். பூமிக்கு அடியில் இறங்காமல், வெள்ளைச் சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு வேலைக்குப் போகிற மூன்று பேரில் அவன் ஒருவன். எட்டாம் வகுப்பு பாஸ். ஊரிலிருந்து கடிதம் வந்தால் வரிசை வீடுகளில் இருக்கிற எல்லோரும் அவனிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். "கிளார்க்கையா, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று வாசலில் நிற்பார்கள். அவன் சாப்பிட்டு முடித்து, பல் குத்தி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் உறையைப் பிரிப்பான். அது வரைக்கும் நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் கபாசோ பிடித்துக்கொண்டான். பாறையில் துளை போடுகிற வேலைக்காரன், அடுத்த வீடு.

"கிளார்க்கையா, வீட்டுல அவங்களும் வேலைக்குச் சேந்துட்டாங்களா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து பாய விரிக்கிற நேரம், செவ்வாயும் வியாழனும் நல்ல துணியா எடுத்துக் கட்டிக்கிட்டு மேற்கால போறாங்க. கையில ஒரு பை வேற. சம்பளம் நல்லா குடுத்தா என் வீட்டுக்காரியையும் அனுப்பலாமேன்னு கேட்டேன்."

"மாதர் சங்கம்" என்றான் கசோண்டே, வாயில் வந்ததை.

"அப்படியா? சங்கம் சர்ச்சுலதானே நடக்கும். சர்ச்சு கிழக்கால இல்ல இருக்கு?" கபாசோ வாளியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போனான். "எனக்கென்ன, கேட்டேன்."

மேற்குப் பக்கம் இருப்பது பஸ் நிலையம். லுவாபுலா ஆற்றிலிருந்து மீன் கொண்டுவருகிற வியாபாரிகள் தங்குகிற இடமும் அங்கேதான். சிலேஷே பிறந்ததும் அந்த ஆற்றங்கரையில்தான். கசோண்டேயின் வாளி நிரம்பி வழிந்தது. அந்த வாரம்தான் கபாசோவின் பெண்டாட்டி, தன் வீட்டில் மாவே இல்லை என்று கடன் கேட்டு வந்ததும் நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து அவன் வீட்டில் மனைவி நடமாடவில்லை. தடயங்கள் நடமாடின. கருவாடு சுற்றி வந்த பழைய பேப்பரை அவள் தூக்கிப் போடாமல் மடியில் விரித்து வைத்திருந்தாள். உதடுகள் அசைந்தன. மனசுக்குள் யாரோடு பேசுகிறாள்? சனிக்கிழமை கடைத்தெருவில் நடந்து வரும்போது சோப்புக் கடைப் பலகைக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். யாரை எதிர்பார்த்து நிற்கிறாள்? சும்மா இருக்கும்போது விரலால் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். மகள் முத்தாலேயிடம் நைசாக விசாரித்துப் பார்த்தான். "அம்மா எங்க போகுது?" என்றான். பத்து வயதுக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்குத் தெரியாதுப்பா" என்றது. தெரியும் என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பிள்ளையையும் கூட்டுச் சேர்த்துவிட்டாளே என்று அவனுக்கு ரத்தம் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்துத் துணிப்பெட்டியைத் திறந்தான். நல்ல துணிகளுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. பிரித்தான். சிலேஷே. சிலேஷே. சிலேஷே. பக்கம் முழுக்க அவள் பெயர். எண்ணிப் பார்த்தான், இருபத்திரண்டு தடவை. எழுத்துகள் கோணிக்கொண்டு, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, குடித்தவன் நடந்த மாதிரி போயிருந்தன.

அவமானத்திலும் அவனுக்கு ஒரு இளக்காரம் வந்தது. ஒரு பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் துப்பில்லாதவன், இவனுக்கெல்லாம் காதல் ஒரு கேடா! மீன் வியாபாரியாக இருக்குமோ? பஸ் கண்டக்டரோ? கபாசோவே நாடகமாடுகிறானோ? இரண்டு நாள் முழுக்க எத்தனையோ பேரை நினைத்துப் பார்த்தான். அந்தக் காகிதத்தை எழுதியிருக்கக்கூடிய ஒரே ஒருத்தரை மட்டும் அவன் நினைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஆபீசிலிருந்து ஒன்பதரைக்கே கிளம்பினான். தையல்கடை மறைவில் நின்றான். பத்து மணிக்குச் சிலேஷே வந்தாள். மஞ்சள் பூப்போட்ட துணி, தலையில் அதே துணியில் கட்டு, தோளில் பை. பஸ் நிலையம் பக்கம்தான் போனாள். அவன் பின்னாலேயே போனான். ஆனால் பஸ் நிலையத்துக்குள் நுழையாமல், அதைத் தாண்டி, சமூக நலக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

சன்னலருகில் போய் எட்டிப் பார்த்தான். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சுகளில் முழங்காலை இடித்துக்கொண்டு பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பலகைக்கு முன்னால் சுண்ணாம்புக் கட்டியோடு நின்றது அவன் மனைவி. "ஆறு பெருகியது" என்று எழுதிக்கொண்டிருந்தாள். கோணல் எழுத்து. அவனுக்கு மனப்பாடமாகிவிட்ட கோணல்.

கசோண்டேவுக்கு முதலில் மூச்சு வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டான்.

"யாரு அது சன்னல்ல?" என்று இளம் டீச்சர் லோம்பே வெளியே வந்தாள். "பொம்பளைங்க படிக்கிற இடத்துல என்ன வேடிக்கை?"

"நான் அவங்க வீட்டுக்காரர்."

"ஓ, கடுதாசி வாசிக்கிற கிளார்க்கையாவா?" டீச்சரின் குரலில் மரியாதை இருந்தது. அதற்கு மேல் ஏதோ ஒன்றும் இருந்தது. "பதினாலு மாசமா ஒருநாள்கூட லீவு போடாத ஆளு உங்க வீட்டம்மா ஒருத்தங்கதான். எதுக்கு இவ்வளவு அவசரம்னு கேட்டா, ஒரு வேலை பாக்கி இருக்குன்னு சொல்லுவாங்க."

சிலேஷே அவனைப் பார்த்தாள். பதறவில்லை. விட்ட வார்த்தையை எழுதி முடித்தாள். கையில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் தட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

வழியெல்லாம் கசோண்டேதான் பேசினான். நிம்மதி அவனைத் தாராள மனசுக்காரனாக்கியிருந்தது.

"இதுக்குப் போயா ஒளிவு மறைவு? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே! ஆனாலும் இந்த வயசுல உனக்கு எதுக்கு இது? உனக்கென்ன ஆபீஸ்ல நாற்காலி போட்டு வச்சிருக்காங்களா?"

"கல்யாணமான வருஷமே கேட்டேன், முத்தாலே அப்பா" என்றாள் அவள். "நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கு எழுத்துன்னு சொல்லிச் சிரிச்சீங்க. இப்பவும் அதையேதான் கேக்கறீங்க."

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். பால்மாவு டப்பா ஒன்றை எடுத்து வந்து, அதிலிருந்து ஒரு பழைய கடிதத்தைப் பிரித்தாள். கசோண்டே அதை உறையிலேயே அடையாளம் கண்டுகொண்டான். அவன் சிரிப்பு அடங்கிவிட்டது.

"இதை நீங்கதான் எனக்கு வாசிச்சுக் காட்டினீங்க. ஞாபகம் இருக்கா? 'அம்மா சுகம், மீன் நல்லாக் கெடைக்குது, மரவள்ளி காயப் போட்டிருக்கோம்'னு."

"எப்பவோ வந்த கடுதாசி. இப்ப எதுக்கு அது?"

"உக்காருங்க. இப்ப நான் வாசிக்கிறேன்."

விரலை வரிக்கு அடியில் வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். "மார்–ச் பத்–து. தங்–கச்–சி சிலே–ஷே. அம்–மா–வுக்கு வீக்–கம் நெஞ்–சு வரை ஏ–றி–விட்–டது." நிறுத்தி மூச்சு வாங்கினாள். அடுத்த வார்த்தை என்ன என்று அவனுக்குத் தெரியும். அதற்கடுத்ததும் தெரியும். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "தி–ன–மும் உன்–னை–யே கேட்–கி–றாள். மீன் லா–ரி–யில் ஏ–றி–யா–வது வந்–து–விடு. தா–ம–திக்–காதே."

கடிதத்தை மடியில் வைத்தாள்.

"அம்மா செத்தது ஏப்ரல் இருபத்தாறு. ஒன்றரை மாசம் காத்துக் கெடந்திருக்கு. சாவுக்குப் போனப்போ, 'எழுதியும் வரலியே'ன்னு அண்ணன் என் மூஞ்சியில முழிக்கவே இல்ல. கடுதாசியில அப்படி எதுவுமே எழுதலன்னு நான் சாதிச்சேன். அன்னைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வேற யார்கிட்டக் கொண்டுபோய் வாசிக்கச் சொல்றது? அப்பா சொன்ன பொய்ய முத்தாலே வாயால கேக்கவும் மனசு வரல. இந்த வரிசையில எல்லாரும் உங்ககிட்டத்தானே வர்றாங்க."

கசோண்டே கண்ணாடியைக் கழற்றினான். "சீனியர் கிளார்க் வேலைக்கு என்னை எடுக்கலாமான்னு பாத்துக்கிட்டிருந்த நேரம்" என்றான். "தினம் சலவைச் சட்டை வேணும். முத்தாலேயைப் பள்ளிக்கூடம் அனுப்பணும் வேற. நீ போனா ஒரு மாசம் ஆகும். அத்தைக்கு வருஷா வருஷம் வர்ற வீக்கம்தானேன்னு நினைச்சேன். அடுத்த மாசம் அனுப்பிடலாம்னு..."

"சட்டைக்காகவா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க என்மேல எத்தனை நாளா சந்தேகப்பட்டீங்க? ஒரு வாரமா? துணிப்பெட்டியக் கலைச்சப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். நான் உங்கமேல ரெண்டு வருஷமாச் சந்தேகப்படறேன். உங்க சந்தேகம் பொய்யாப் போச்சு. என்னோடதும் பொய்யாப் போகணும்னு வேண்டிக்கிட்டுத்தான் ஒவ்வொரு எழுத்தாக் கத்துக்கிட்டேன். போன வாரம்தான் கடைசி வரி வரைக்கும் கூட்ட முடிஞ்சுது."

அவன் சத்தம் போட்டு அழுதான். அந்த அழுகை அவளை அசைக்கவில்லை. "என்கிட்ட அழுது பிரயோஜனம் இல்ல. என் அண்ணன்கிட்ட வந்து உங்க வாயால சொல்லுங்க" என்றாள்.

"வெளிய தெரிஞ்சா இந்த வரிசையில ஒருத்தன் எனக்கு முகம் குடுப்பானா?"

"தெரியட்டும். அவங்க கடுதாசியில என்னென்ன விட்டீங்கன்னு அவங்களும் யோசிக்கட்டும்."

"வேற யாருக்கும் அப்படிச் செஞ்சதில்ல, சிலேஷே. சத்தியமா."

"இருக்கலாம். ஆனா இனிமே உங்க சத்தியத்தை நம்பறதா வேண்டாமான்னு எனக்கே தெரியல."

அந்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறினார்கள். லுவாபுலாக் கரையில் அண்ணன் சிசாலா வலையை விரித்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கசோண்டே அவன் முன்னால் மணலில் மண்டியிட்டு, அந்த ஊர் வழக்கப்படி கைகளைத் தட்டி வணங்கி, ஒன்று விடாமல் சொன்னான். சட்டையைப் பற்றியும் சொன்னான்.

சிசாலா வலையைக் கீழே போட்டான். பிறகு எழுந்துபோய்த் தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். "ரெண்டு வருஷம் உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேனே, தாயி" என்று விம்மினான். அவர்கள் அழுது ஓய்கிற வரைக்கும் கசோண்டே மண்டியிட்டபடியே இருந்தான்.

"எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க, மச்சான்?" என்று கடைசியில் சிசாலா கேட்டான்.

"எட்டு."

"இங்க பள்ளிக்கூடத்துப் பியூன் ஒருத்தர். நாலாவதுதான் படிச்சவர். அவர்தான் எனக்கு அந்தக் கடுதாசிய எழுதிக் குடுத்தார். நான் அழுதுக்கிட்டே சொன்னதுல ஒரு வார்த்தைய அவர் கூட்டல, குறைக்கல. எழுதி முடிச்சு ரெண்டு தடவை எனக்குப் படிச்சும் காட்டினார்." அவன் கசோண்டேயின் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தான். "படிச்ச மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம். எழுந்திரிங்க. என்னால இன்னைக்கு மன்னிக்க முடியாது. ஆனா வந்து சொன்னீங்க, அதனால இந்த வீட்டுல தண்ணி குடிக்கலாம்."

கசோண்டே எழுந்தான். "நான் படிச்சதுக்கு என்ன அர்த்தம்னே எனக்குத் தெரியல, சிலேஷே" என்றான், யாரையும் நிமிர்ந்து பாராமல்.

"தெரியலன்னா தெரிஞ்சுக்குங்க, முத்தாலே அப்பா" என்றாள் அவள். "தெரியாதவங்கள வாசல்ல நிக்க வைக்கறதுக்கு இல்ல படிப்பு. வெள்ளைச் சட்டை போடறதுக்கும் இல்ல. நம்மள நம்பி ஒருத்தர் நீட்டற காகிதத்துல என்ன இருக்கோ அதை அப்படியே சொல்ற மனசு வேணும். அந்த மனசு வரலன்னா எத்தனை வகுப்பு தாண்டியிருந்தாலும் நாம படிக்காதவங்கதான்."