தேனீக்குக் கரைத்த குளிசை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பண்டத்தரிப்பில் எங்கள் வளவு பாதி உறக்கத்தில் கிடக்கும். வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். தேனீக்களின் ரீங்காரத்தில் நானும் கண்ணயர்ந்துவிடுவேன். விழித்திருக்கிறேனா கனவு காண்கிறேனா என்று எனக்கே தெரியாது.

அப்படியொரு மதியம், பூசணிப் பூக்களுக்கு அப்பால் என் கணவர் சண்முகநாதன் தேனீப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். மருந்துக் குளிசையின் கோதைப் பிரித்து, உள்ளிருந்த வெள்ளைத் தூளைத் தேங்காய்ச் சிரட்டையில் இருந்த சீனித் தண்ணீரில் கொட்டினார். அவரைச் சுற்றித் தேனீக்கள் வெயிலில் மிதந்தன. நல்ல கனவு என்று நினைத்து மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

அந்த மாதம் பெட்டிக்குள் நோய். தேனீக் குஞ்சுப் புழுக்கள் தண்ணீர்ப் பை மாதிரி வீங்கிச் செத்தன. தேனீக்கள் அவற்றை இழுத்துவந்து வாசலில் போட்டன. இவருக்கோ நீரிழிவால் காலில் புண். புண் ஆற நாளுக்கு மூன்று குளிசை. மூன்றையும் விழுங்குகிறார் என்றே நம்பினேன். புண் கறுத்து, சுண்டுவிரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, டாக்டரோடுதான் சண்டை பிடித்தேன்.

விரல் எடுத்த மறுநாள் விவசாயப் போதனாசிரியர் பிரவீணன் பெட்டியைப் பார்க்க வந்தார். சிரட்டைக்குப் பக்கத்தில் கிடந்த குளிசைக் கோதுகளைப் பொறுக்கி என்னிடம் காட்டினார். அன்று கண்டது கனவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

“அன்ரி, இது வைரஸ் நோய். உந்த மருந்து கேக்காது. தேனிலையும் மருந்து சேர்ந்திருக்கும், ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. ராணித் தேனீயைக் கொஞ்ச நாள் முட்டை போடாமல் சின்னக் கூண்டிலை அடைச்சு வைச்சுப் பாப்பம். புதுப் புழு இல்லாட்டி நோய் குறையும்.”

பின்னேரம் ஆசுப்பத்திரிக்குப் போனேன். அவர் பாதி மயக்கத்தில் சிரித்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே விழுங்காமல் ஒளித்துவைத்த நான்கு குளிசைகள்.

“கனகம், இதைக் கரைச்சு வையும். அதுகள் பாவம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “அதுகளுக்கு இது ஒண்டும் செய்யேல்லை. உங்கடை விரல்தான் போனது.”

அவர் பொட்டலத்தை மெல்ல மடித்தார்.

“ஒண்டுமே செய்யேல்லையோ?”

“இல்லை.”

வார்டுத் தாதி மிஸ்ஸி அந்த நேரத்துக் குளிசையோடு வந்தார். இவர் அதை வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

“வாயைத் திறவுங்கோ,” என்றேன்.

திறந்தார்.

“நாக்கைத் தூக்குங்கோ.”

அறுபத்தொன்பது வயது மனிதர், மறுபேச்சில்லாமல் தூக்கிக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.