விரலால் ஒரு கிசுகிசு

சட்டை கேட்டேன், சீப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். என் மனைவிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பதினெட்டு வருடமாக எங்கள் வீட்டில் பேச்சு கையில்தான் நடக்கிறது, சண்டையும் அதே கையில்தான். நானோ லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், அண்ணாந்து பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவன். கழுத்தில் எலும்பு துருத்தி நரம்பை நசுக்க, வலி தோள் வழியாக இறங்கி, வலக்கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. விரல் செய்ய வேண்டியதைத் தோள் செய்ய ஆரம்பித்தது. உப்பு வேண்டுமென்றாலும் கையை வீசித்தான் கேட்டேன். "ஏன் கத்துறீங்க?" என்பாள் அவள், கையால்.

கத்தலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போனது கிசுகிசுதான். பஸ்ஸில், கல்யாண வீட்டில், பையின் மறைவில் இரண்டு விரலை அசைத்தே ஊரைக் கிண்டலடித்தவர்கள் நாங்கள். இப்போது நான் ஏதாவது சொன்னால் அவள் இரண்டு தடவை தலையாட்டுகிறாள். உண்மையில் புரிந்தால் அவளுக்கு இடது புருவம் ஏறும்; புரியாதபோதுதான் தலையாட்டுவாள். இது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தத் தலையாட்டல் வலியைவிட என்னைப் பயமுறுத்தியது.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "பின்கழுத்துல பென்சில் கனத்துக்கு ஒரு ஓட்டை. கேமரா வச்ச குழாயை விட்டு, நரம்பை அழுத்துற எலும்பை மட்டும் சீவி எடுத்துடுவோம். மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம். சீக்கிரமே வேலைக்கும் போகலாம்."

மனைவி நோட்டில் எழுதி நீட்டினாள்: 'வேலை கிடக்கட்டும். பழையபடி பேசுவாரா?'

"முன்பக்கம், தொண்டைப் பக்கமே போகலம்மா, குரலுக்கு ஒண்ணும் ஆகாது."

நான் மரத்த கையைத் தூக்கினேன். "எங்களுக்குக் குரல் இதுதான் டாக்டர்."

அவர் படத்தை வைத்துவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். "வலி உடனே விட்டுடும். விரல் மெதுவாத்தான் வரும். வரும்னுதான் நெனைக்கிறேன்." மழுப்பாமல் பேசுகிறவரிடம் கழுத்தைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, ஆறு மாதமாகக் கூடவே குடியிருந்த வலியைக் காணோம். கழுத்தில் ஒரு சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையைப் பார்க்கப் பயந்தாள். டாக்டர் நாலு பேர் சூழ வந்து கட்டிலருகே நின்றார். என் கண் அவர் காலுக்குப் போனது. போர்வை ஓரத்தில், தோளை அசைக்காமல், இரண்டு விரலை மட்டும் அசைத்தேன். பெருவிரல் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆள்காட்டி விரல் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டது.

"டாக்டர் காலைப் பாரு. சாக்ஸ் ரெண்டும் வேற வேற."

அசைவு கண்ணில் பட, அவள் பார்வை என் விரலுக்கு இறங்கியது. அவள் தலையாட்டவில்லை. தரையைப் பார்த்தாள். இடது புருவம் ஏறியது. அடுத்த நொடி வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது, வார்டே திரும்பியது. டாக்டர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். கண்ணைத் துடைத்த அவளுடைய ஈரக் கை போர்வை மறைவுக்கு வந்து, என் கைக்குப் பக்கத்தில் இரண்டு விரலை அசைத்தது.

"மெதுவா. யாராவது பாத்துடப் போறாங்க."