தம்பியின் துப்பாக்கிக்கு நல்ல ரவை

பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்துவிட்டால் தவமலர் தொலைபேசியை மடியில் வைத்து ஜெலி பார்ப்பாள். தேன் நிறத்தில், ஒரு இறாத்தல் பாண் ரொட்டி அளவில், உள்ளே விளக்கு வைத்ததுபோல் தெளிந்த, மனித உடம்புக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கிற ஜெலிக் கட்டி. அதன் முன்னால் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி தொங்கும். படத்தின் விளிம்பிலிருந்து ஒரு துப்பாக்கி ரவை, மீன் நீந்தி வருவதுபோல அவ்வளவு மெதுவாக மிதந்து வரும். துணியைத் தொடும். கட்டி ஒருமுறை மூச்சிழுத்து வீங்கித் தணியும். உள்ளே குமிழ்களாலான ஒரு பாதை தெரியும். பாதையின் முடிவில் ரவை தன் நுனியை இதழ் இதழாக விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும்.

அவள் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பாள். சத்தம் இல்லாவிட்டால் அது கடலடியில் ஏதோ பூப்பதுபோல இருக்கும். கண்ணாடிக்கு வெளியே லண்டன் கிங்ஸ்பரி வீதியின் மரக்கறிக் கடைகளும் நகைக் கடையும் பிளேன் மர இலைகளும் அதே வேகத்தில் மிதந்து போகும்.

இந்தப் படிப்பு தம்பிக்காக. தர்சிகன் அமெரிக்காவில், ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு பெற்றோல் நிலையம் நடத்துகிறான். கோடையில் ஒரு பிற்பகல், சாம்பல் நிறத் தொப்பிச் சட்டை போட்ட ஒருவன் உள்ளே வந்து துப்பாக்கியை லொத்தர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, கல்லாவிலிருந்ததை எடுத்துக்கொண்டு, போகும்போது "திரும்ப வருவேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த மரியாதைதான் தர்சிகனுக்கு நித்திரையைக் கெடுத்தது. அடுத்த கிழமை அவனும் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான்.

துப்பாக்கியைக் கேளாமல் வாங்கினான். ரவையை அக்காவைக் கேட்டு வாங்கினான். அந்தக் குடும்பத்தில், எந்த நாட்டில் யார் எதை வாங்கினாலும் தவமலரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். ரொறன்ரோவில் சித்தப்பாவின் குளிர்சாதனப் பெட்டி, பாரிஸில் பெறாமகளின் வான், எல்லாம் அவள் தெரிந்தெடுத்தது. வாங்கியவர்கள் எழுதிவைத்த குறைநிறைகளை அவள் ஒன்றும் விடாமல் வாசிப்பாள். அவள் "எடு" என்றால் எடுக்கலாம்.

"அக்கா, கடையில ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைச்சிருக்கிறாங்கள். எனக்குத் தலை சுத்துது. நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்."

"நான் லண்டனில இருக்கிறன் தம்பி. இஞ்ச உதைப் பற்றிக் கதைச்சாலே பிடிப்பாங்கள்."

"வாசிக்கிறதுக்குப் பிடிக்க மாட்டாங்கள்."

வாசித்தாள். பகலில் அவள் ஒரு மருத்துவமனையின் செவிப்புலன் பிரிவில் வேலை செய்கிறாள். சத்தம் புகாத சிறு அறையில் ஆட்களை இருத்தி, காதில் கருவியை மாட்டி, மெல்லிய ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வது வேலை. ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரைக்கும் அவள் அந்த அறைக்குள்ளேயே இருந்து வாசித்தாள். அங்கே தன் கழுத்து நரம்பு துடிப்பதுகூடக் கேட்கும்.

கொஞ்சக் காலத்தில் அவளுக்கு ஒரு தெளிவு வந்தது. தொழிற்சாலையில் செய்த புது ரவை வேண்டும். சிநேகிதர் வீட்டு மேசையில் வைத்துச் செய்து தருவது வேண்டாம். நுனியில் குழி உள்ளது வேண்டும்; அது முதல் உடம்புக்குள்ளேயே விரிந்து நின்றுவிடக் கூடியது, ஊடறுத்துப் போய் பின்னால் பால் எடுக்க நிற்கிற பிள்ளையில் படுவது குறைவு. எந்தப் பெட்டியாயிருந்தாலும், அவனுடைய துப்பாக்கியில், அவனுடைய கையால் சுட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது.

"என்ன, தெரிஞ்செடுத்து முடிஞ்சுதோ?" என்று அவளுடைய கணவர் தியாகராஜா கேட்டார். "ஸ்கொட்லண்ட் யார்ட் வந்து கதவைத் தட்டினா, இந்த மனுசி ஆரெண்டே எனக்குத் தெரியாதெண்டு சொல்லிப்போடுவன்."

"உங்கட சேட்டை மடிச்சு வைச்சது ஆரெண்டு கேப்பாங்கள். அப்ப என்ன சொல்லுவியள்?"

தர்சிகன் அவள் சொன்ன பெட்டியை வாங்கினான். சுடுகிற பயிற்சிக்கூடத்துக்குப் போய்ப் பாதியைச் சுட்டான். எல்லாம் வெடித்தன. மீதியைத் துப்பாக்கியில் நிரப்பி வைத்துக்கொண்டான். சில கிழமைகள் கழித்து, நிரப்பி வைத்திருந்ததையே சுட்டுப் பார்க்கப் போனான். விசையை இழுத்தான். "டிக்" என்றது. வேறொன்றும் நடக்கவில்லை.

"பேனையை அமத்தின மாதிரி, அக்கா."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது கொம்பனியைத் தெரிந்தெடுத்தாள். வாங்கிய அன்று குறையில்லை. சில கிழமைகள் கழித்து அதுவும் "டிக்". மூன்றாவது, பொலிஸ்காரர் பாவிப்பது, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு புகழ்ந்தது. அதில் ஒன்று துப்பாக்கியின் குழலுக்குள் இறுகி வரவே மறுத்தது, இன்னொன்று வெடிக்கவில்லை.

அந்தக் கிழமைதான் சாம்பல் தொப்பிச் சட்டைக்காரன் திரும்ப வந்தான். உள்ளே வரவில்லை. பெற்றோல் அடிக்கிற இடத்தில் வாகனமில்லாமல் நின்று, கண்ணாடிக்கூடாகக் கடையைப் பார்த்துவிட்டுப் போனான்.

"அக்கா, அவன் வந்து, நான் இதை எடுத்து நீட்டி, இது டிக் எண்டால் அதோட சரி. இது இல்லாமல் இருந்தாலாவது காசைக் குடுத்திட்டு உயிரோட இருப்பன். எது நல்லதெண்டு சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு அவள் பார்த்த ஜெலிகள் கனவிலும் வந்தன. தம்பி ஒரு பெரிய தேன்நிறக் கட்டிக்குள் நின்று கையை நீட்டுகிறான். கை மெதுவாக, மெதுவாக உயர்கிறது. அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒலி கேட்டால் அழுத்துகிற பொத்தானை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். ஒலி வரவேயில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலையில்லை. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, ஹூஸ்டனில் விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, தம்பியின் மனைவி ஆரணியை வீடியோவில் கூப்பிட்டாள். ஆரணி ஈரத் தலையில் துவாய் கட்டியபடி சாமியறையில் இருந்தாள்.

"மச்சாள், இவர் குளிக்கிறார். நான் பூசையில நிக்கிறன். பாருங்கோ, செவ்வந்தி பூத்திருக்கு."

செவ்வந்தியைக் காட்டக் கமெராவைத் திருப்பினாள். அம்மன் படம், குத்துவிளக்கு, பூத்தட்டு. பூக்களுக்கு நடுவில் சின்னச் சின்னப் பித்தளைக் கோபுரங்களாக ஏதோ தலைகீழாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம். சந்தனத்தின் நடுவே குங்குமம்.

"ஆரணி, அது என்ன?"

"எது? ஓ, உதோ. இவற்ற ரவையள்."

தவமலர் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் வைக்கிறம்தானே மச்சாள். காருக்கு வைக்கிறம், கல்லாவுக்கு வைக்கிறம். இதுதானே இவரைக் காப்பாத்தப் போகுது. இதுக்கு வருசத்தில ஒருநாள் காணுமோ? அதுதான் வெள்ளிக்கு வெள்ளி, இவர் குளிக்கேக்க எடுத்து, போன கிழமைச் சந்தனத்தை மஞ்சள் தண்ணிக்குள்ள ஊறவிட்டுக் கழுவி, துடைச்சு, மினுங்கிறதுக்கு ஒரு சொட்டு நல்லெண்ணெய் போட்டு, பொட்டு வைச்சுக் கும்பிட்டிட்டு, திருப்பி அப்பிடியே வைச்சு விடுறன். அடிப்பக்கத்தில வட்டமா ஒரு இடம் இருக்கு, பாத்தனீங்களோ? பொட்டு வைக்கவெண்டே விட்ட மாதிரி."

அந்த வட்டத்தைத் தவமலருக்கு நன்றாகத் தெரியும். துப்பாக்கியின் ஊசி வந்து குத்துகிற இடம் அது. அதற்குள்தான் முதல் பொறிக்கான மருந்து இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் அதன் ஓரத்தால் கசியக்கூடாது என்று அவள் எத்தனையோ இடத்தில் வாசித்திருந்தாள். வாசிக்கும்போது மழையும் வேர்வையும்தான் நினைவுக்கு வந்தன.

திரையில் குத்துவிளக்குச் சுடர் அசைந்தது. ரவைகள் பூவோடு பூவாக மினுங்கின. அவ்வளவு வடிவாக இருந்தது.

பிறகு, ரவைகள் ஏன் வெடிக்கவில்லை என்று சொன்னாள். ஆரணி கேட்டுக்கொண்டிருந்தாள். துவாய் அவிழ்ந்து தோளில் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"இவருக்குச் சொல்லாதேங்கோ மச்சாள்."

"சொல்லத்தானே வேணும்."

"நான் விட்டிடுறன். இண்டையிலயிருந்து தொடமாட்டன். அவருக்குத் தெரிய வேண்டாம்."

"அவன்ர கையில இப்ப இருக்கிறதும் நீ ஊறவைச்சதுதானே. அதை வைச்சுக்கொண்டுதான் பின்னேரம் கடைக்குப் போகப்போறான்."

ஆரணி விளக்கைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "வெடிக்காட்டி நல்லதெல்லோ? ஒருத்தரும் சாகமாட்டினம்."

"அந்தக் கள்ளனிட்ட இருக்கிறது வெடிக்கும், ஆரணி."

குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஆரணி எழுந்து போனாள். தொலைபேசி சாமியறையிலேயே, கூரையைப் பார்த்தபடி கிடந்தது. கூரையில் விளக்கின் நிழல் ஆடியது. தூரத்தில் அவளுடைய குரல், பிறகு தம்பியின் "என்ன?", பிறகு திரும்ப அவளுடைய குரல். தவமலர் கிங்ஸ்பரிக் குசினியில் நின்று அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்பு அடிப்பிடித்தது.

கடைசியில் தர்சிகனின் முகம் திரைக்கு வந்தது. கோபத்தை எதிர்பார்த்தாள். அவன் சிரிப்பை அடக்க ஏலாமல் நின்றான்.

"அக்கா, நான் அந்தக் கொம்பனிக்குப் போன் எடுத்துக் கத்தினனான். காய்ஞ்ச இடத்திலயோ வைச்சிருந்தனீங்கள் எண்டு கேட்டவன். என்ர வீட்டிலயே ஆகச் சுத்தமான இடத்தில எண்டு சொன்னன்." பிறகு சிரிப்பு நின்றது. "கொஞ்சம் முந்தி அவன் உள்ள வந்திருந்தா என்ன நடந்திருக்கும்?"

தவமலர் அடுப்பை அணைத்தாள்.

அன்றைக்கு அவன் கடையைத் திறக்கவில்லை. பொட்டு வைத்த ரவைகளைப் பயிற்சிக்கூடத்தில் ஒப்படைத்தான். துப்பாக்கியைத் துப்புரவாக்கினான். அக்கா முதலில் சொன்ன அதே கொம்பனிப் பெட்டியைத் திரும்ப வாங்கினான். அதில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. நிரப்பி, ஒருவரும் தொடாமல் சில கிழமைகள் விட்டுப் பார்த்துச் சுடவேண்டும் என்று தவமலர் சொன்னாள். அதுவரைக்கும் கடைக்கு ஒரு காவலாளியைப் பிடித்துக்கொண்டான்.

ஒக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை, லண்டனில் வெயில் இறங்குகிற நேரம், ஹூஸ்டனில் பயிற்சிக்கூடம் திறந்து கொஞ்ச நேரம். தவமலர் ஃப்ரையண்ட் பூங்காவின் சரிவில் நடந்துகொண்டிருந்தாள். பாதி வெட்டிய வைக்கோற்புல்லின் மணம். கீழே குளத்தின்மேல் மெல்லிய பனிப்புகை எழும்பி நின்றது. நாயோடு வந்த ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிப் போனார்.

"அக்கா, சுடப்போறன். லைனில நில்லுங்கோ. வெட்டாதேங்கோ."

"நிக்கிறன்."

முதலாவது கேட்டது. காதில் மாட்டிய சிறு கருவியில் அது சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைச் சாத்தியதுபோல் தட்டையாக ஒலித்தது. இடைவெளி. அடுத்தது. அவள் நடையை நிறுத்தினாள். ஒவ்வொரு இடைவெளியிலும் அந்த "டிக்" வந்துவிடுமோ என்று காத்தாள். ஒவ்வொரு முறையும் மூடி சாத்தியது. புல்வெளியில் ஒன்றும் அசையவில்லை. கிழவரின் நாய் புற்றொன்றை முகர்ந்தது. பனிப்புகை குளத்தை மெல்ல மூடியது. அந்தப் பூங்காவில் அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கிற வெடிச் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றுகூடத் தவறாமல்.

"எல்லாம் வெடிச்சிட்டுது அக்கா! ஒண்டும் பிழைக்கேல்லை!"

"நல்லது தம்பி," என்றாள். சந்தோசம் வரும் என்று நின்று பார்த்தாள். வந்தது, ஆனால் அவள் ஈரப் புல்லிலேயே இருந்துவிட்டாள். அவள் தெரிந்தெடுத்த பொருட்களில் இதுதான் சொன்னபடியே வேலை செய்கிறது. இனி அவன் விசையை இழுத்தால், ஒரு மனிதனுக்குள் அது நிச்சயமாகப் பூக்கும்.

"ஆரணி பக்கத்தில நிக்கிறாள். ஏதோ கேக்கோணுமாம்."

ஆரணியின் குரல் கூச்சத்தோடு வந்தது. "மச்சாள், இனி வெள்ளிக்கிழமையில நான் என்ன செய்யிறது? சும்மா இருக்க ஏலாமல் கிடக்கு."

"அந்தக் கள்ளன் திரும்பி வராமல் இருக்கவேணுமெண்டு கும்பிடு."

"அதுக்குத் தட்டில என்னத்தை வைக்கிறது?"

தவமலர் கீழே பார்த்தாள். குளம் முழுதாக மறைந்துவிட்டிருந்தது.

"ஒண்டும் வைக்காதை, ஆரணி. தட்டை மட்டும் வை."

மறுமுனையில் தர்சிகன் ரவைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நிரப்புகிற சத்தம் கேட்டது. அது முடியும்வரைக்கும் அவள் லைனை வெட்டவில்லை.