மணமகள்: மைனர்

கோலார் தங்கவயலில் என் மாமனாருக்கும் மாமியாருக்கும் கல்யாணம் நடந்த கிறிஸ்தவ சபையிலிருந்து பதிவேட்டு நகல் வாங்கி, என் மனைவி மெர்சியின் தம்பி மகன் பிரசன்னா போனில் படமாக அனுப்பினான். குடும்ப மரம் வரைகிறானாம். அந்த மரம் நேராக எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டின் மேல் வந்து விழுந்தது.

நான்தான் படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். மணமகன், வயது முப்பத்திரண்டு, தபுதாரன்.

"அப்படின்னா?" என்றாள் மெர்சி.

"பெண்டாட்டிய இழந்தவரு."

அது அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். அவள் அப்பாவின் முதல் மனைவி பிரசவத்தில் போனவர். அடுத்தது மணமகள் கட்டம். நிலை, கன்னி. வயதுக்கு எண்ணே இல்லை. மைனர் என்று மட்டும் எழுதியிருந்தது.

மெர்சியின் முகம் மாறிவிட்டது. அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான கதை ஒன்று உண்டு. சுரங்கத்தில் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவை, அங்கே நர்ஸாக இருந்த அம்மா கவனித்துக்கொண்டார். கட்டுப் பிரிப்பதற்குள் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. இதைச் சொல்லாமல் அங்கே ஒரு கிறிஸ்துமஸும் முடிந்ததில்லை.

"எல்லாம் பொய்யிங்க. மைனர் பொண்ணு எப்படி நர்ஸா இருந்திருக்கும்? கொழந்தையப் புடிச்சு ரெண்டாந்தாரமா குடுத்துட்டு, அப்புறம் கதை கட்டிட்டாங்க."

"சும்மா பேஜார் பண்ணாத மெர்சி."

"உங்களுக்கு இன்னா, உங்க அம்மாவா?"

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நினைவு நாள். ஆராதனையில் வாசிக்கச் சொல்லி அப்பா, அம்மா இருவர் பெயரையும் வருடா வருடம் ஆயரிடம் கொடுப்பாள். இந்த வருடம் அம்மா பெயர் மட்டும் போதும் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்? ஆனால் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுவதைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

எங்களுக்கும் அதே சபையில்தான் கல்யாணம். எங்கள் சர்டிபிகேட்டில் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பீரோவைக் குடைந்து எடுத்தேன். 1970. மணமகள் மெர்சி. நிலை, கன்னி. வயது, மைனர்.

"ஏய் மெர்சி, இங்க வா! நானும் கொழந்தையத்தான் கட்டியிருக்கேன்."

ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இருபது வயசுங்க எனக்கு! டெலிபோன் ஆபீஸ்ல வேலை பார்த்துக்கினு இருந்தேனே!"

"இருபத்தொண்ணு முடியலியே. கிறிஸ்தவக் கல்யாணச் சட்டத்துல அதுவரைக்கும் மைனருதான். அதனாலதான உங்க அப்பாவோட சம்மதக் கையெழுத்து கேட்டாங்க. உங்க அம்மாவும் இப்படித்தான் நர்ஸா இருந்துக்கினே மைனரா இருந்திருப்பாங்க."

கீழே மாமனாரின் கையெழுத்து இருந்தது. மெர்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடறதுக்கு முன்னாடி பேனாவக் கீழ வெச்சுட்டாருங்க. ஆயர், நீங்க, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு என்னைக் கேட்டாரு. நெஜமா புடிச்சிருக்காம்மா, இல்ல நாங்க சொல்றோம்னு தலையாட்டறியா? வேணாம்னா சொல்லு, இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்னாரு."

இத்தனை வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. மாலையும் கழுத்துமாக நான் நிற்க, ஊரே வெளியே காத்திருந்த நாள் அது.

"என்னையே அப்படிக் கேட்ட மனுசன், அம்மாவக் கேக்காமலா கட்டியிருப்பாரு?" என்றாள். "பாவி, நான் போயி அவரு பேரை வேணாம்னுட்டேனே. ஆயருக்குப் போன் போடுங்க."

போட்டேன். இரண்டு பெயரும் என்று சொன்னேன். வைத்த பிறகும் எனக்கு மனசு ஓயவில்லை. இந்த வயதில் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

"அவரு கேட்டப்ப நீ இன்னா சொன்ன?"

"உடனே சொல்லல."

"சொல்லலியா?"

"யோசிச்சேன். சன்னல் வழியா பார்த்தா, நீங்க வெயில்ல நின்னுக்கினு, பயந்து போயி, டையை இழுத்து இழுத்து விட்டுக்கினு இருந்தீங்க. புடிச்சிருக்குப்பான்னுட்டேன்."