மூன்று பாட்டு

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வாசல் செக்யூரிட்டி போன் செய்து, "சார், ஒரு பொண்ணு உங்க ஹெல்மெட்ட எடுத்துட்டு வந்திருக்குதுங்க" என்றபோது மகுடேஸ்வரன் டென்மார்க்குக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். அனுப்பிய சாம்பிளில் நீலம் ஒரு சாயல் கூடிவிட்டது என்று அங்கிருந்து புகார். கூடவில்லை என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். அவிநாசி ரோட்டில் இருக்கும் அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினேழு வருடமாக மெர்ச்சன்டைசராக அவர் செய்துவரும் வேலை இதுதான்: யாருடைய மனமும் கோணாமல் மறுத்து எழுதுவது.

ஹெல்மெட் காணாமல் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. வழக்கமாக டீ குடிக்கும் பேக்கரியில் விட்டிருப்போம் என்று இரண்டு முறை போய்க் கேட்டும் வந்திருந்தார். வரவேற்பறைக்கு வந்தபோது சோபாவின் நுனியில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, இருபத்துநான்கு இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் வேறொரு கம்பெனியின் அடையாள அட்டை. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பின்னாடி உங்க கம்பெனி பார்க்கிங் ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு சார். அத வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். என் பேரு பிரிசில்லா. கட்டிங் வேஸ்ட்ல பாடுறேன்."

மகுடேஸ்வரனுக்குக் காதோரம் சூடாவது தெரிந்தது. "வாங்க, உக்காருங்க" என்றார். அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இடத்தையே மறுபடி காட்டினார்.

'நொய்யல்வாசி' என்ற பெயரில் அவர் ஒன்பது வருடமாக இணையத்தில் இசையைப் பற்றி எழுதிவந்தார். அது அவர்தான் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரியும், ஆனால் படிக்க மாட்டாள். ஒவ்வொரு கட்டுரையையும் முந்நூறு பேர் படித்தால் அதிகம். கச்சேரி, மெல்லிசை, வெளிநாட்டு ராக் குழுக்கள் என்று எல்லாவற்றைப் பற்றியும் நிதானமாக எழுதுவார். கல்லூரிக் காலத்தில் கிதார் வாசிக்க முயன்று ஆறு மாதத்தில் விட்டவர். அப்படி விட்டுப்போனது எங்கோ இருந்துகொண்டு அவரை எழுதச் சொன்னது.

ஊரிலேயே பங்க் ராக் பாடும் குழு ஒன்று கிளம்பியிருக்கிறது, பனியன் கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளைகள் என்று கேள்விப்பட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு சிறிய மண்டபத்துக்குப் போயிருந்தார். வாசலில் குழுவின் பெயர் எழுதிய துணி தொங்கியது. கட்டிங் வேஸ்ட். துணி வெட்டும்போது மேசையிலிருந்து கீழே விழுகிற துண்டுகளுக்கு ஊரில் அதுதான் பெயர். அந்தப் பெயரைப் பார்த்த நொடியிலேயே அவருக்கு ஒரு வரி வந்துவிட்டது: 'பெயரை வைத்தவர்களே விமர்சனத்தையும் எழுதிவிட்டார்கள்.' ஒரு பாட்டுக்கூடக் கேட்பதற்கு முன்னால் வந்த வரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

உள்ளே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ஒருத்தி கத்தினாள், ஒருத்தி கிதாரை அடித்தாள், ஒருவன் டிரம்ஸை உதைத்தான். தகரக் கூரையில் பட்டு ஒவ்வொரு சத்தமும் இரண்டாகத் திரும்பி வந்தது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் எழுந்து போய் பேக்கரியில் ஒரு பப்ஸும் டீயும் சாப்பிட்டுக்கொண்டே போனில் முக்கால்வாசிக் கட்டுரையை எழுதி முடித்தார். மண்டபச் சுவரில் பாட்டுகளின் பட்டியல் ஒட்டியிருந்ததைப் பார்த்திருந்ததால் 'ஏழு பாடல்களும் ஒரே பாடல்தான்' என்று எழுதுவதில் சிரமம் இருக்கவில்லை.

திங்கட்கிழமை வெளியிட்டார். புதன்கிழமைக்குள் பதினோராயிரம் பேர் படித்திருந்தார்கள். அந்த ஒரு வரியை மட்டும் படமாக்கி வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அவருடைய சொந்த அலுவலகக் குழுவிலேயே அது வந்தது. கீழே சிரிக்கும் முகங்கள். அன்றைக்கு முழுவதும் அவர் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டே இருந்தார், அத்தனை சந்தோஷம்.

"எழுதுனது நீங்கதான்னு போட்டோவ வச்சுக் கண்டுபிடிச்சோம் சார்" என்றாள் பிரிசில்லா. "கட்டுரையோட நீங்க போட்டிருந்த போட்டோ தூணுக்குப் பக்கத்துல இருந்து எடுத்தது. அந்தச் சேர்ல ஒருத்தர்தான் உக்காந்திருந்தாரு. அவரு மூணு பாட்டோட எந்திரிச்சுப் போயிட்டாரு. சேருக்கு அடியில ஹெல்மெட் இருந்துச்சு."

குரல் உயரவில்லை. செக்கிங் மேசையில் ஒரு துணியை விரித்துப் பார்த்துவிட்டு இங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். அவள் வேலையும் அதுதான் என்று அடையாள அட்டையில் இருந்தது.

"கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. மூவாயிரம் பேர் வருவாங்களாம். சனிக்கிழமை வேணாம்னுட்டாங்க. காரணம் கேட்டதுக்கு உங்க வரியத்தான் அனுப்புனாங்க."

மகுடேஸ்வரன் ரிசப்ஷன் பெண்ணைப் பார்த்தார். அவள் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப நான் என்ன பண்ணணுங்கிறீங்க?" என்று மெல்லக் கேட்டார். பயந்துகொண்டுதான் கேட்டார். இவள் நினைத்தால் இங்கேயே, இப்போதே, நொய்யல்வாசி யார் என்று சொல்லிவிடலாம். மூன்று பாட்டோடு ஓடியவர் என்றும் சொல்லிவிடலாம்.

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். திட்டுறதுன்னா திட்டுங்க. கேட்டுட்டுத் திட்டுங்க."

ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு மணி வரைக்கும்தான் பெர்மிஷன் போட்டிருக்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டாள். அவர் மேலே வந்து டென்மார்க் மின்னஞ்சலைத் திறந்தார். நீலம் கூடவில்லை என்று பாதி எழுதியிருந்தது. எழுந்து போய் சாம்பிளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூடித்தான் இருந்தது.

மூன்று நாள் அதைப் பற்றி நினைக்காமலிருக்கப் பார்த்தார். வெள்ளிக்கிழமை நொய்யல்வாசியின் பக்கத்தில் இருந்த தொடர்பு முகவரிக்குக் கட்டிங் வேஸ்ட்டிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. 'ஞாயிறு மூன்று மணி, மண்ணரை, யாழினி அப்பாவின் பழைய யூனிட். மீதி நாலு பாட்டு.' அவ்வளவுதான். கீழே கூகுள் வரைபடம்.

போகாமலிருக்க நிறையக் காரணங்கள் இருந்தன. போனார்.

அது தையல் மெஷின்கள் எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றிவிட்டுக் காலியாகக் கிடந்த நீளமான கட்டடம். மேலே டியூப்லைட் வரிசை மட்டும் மிச்சம். பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மெஷின்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்ததால் இங்கே என்ன சத்தம் போட்டாலும் யாரும் கேட்க வர மாட்டார்கள். கிதார் வாசிக்கும் யாழினி ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்கண்ணா. தண்ணி வேணுங்களா?" என்றாள். விருந்தாளியாக வந்த சொந்தக்காரரைக் கேட்பதைப்போல இருந்தது. அவள் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் சாப்பிடவில்லை என்று டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்த தனுஷ் பிறகு சொன்னான். தனுஷ் உசிலம்பட்டிக்காரன். அயர்னிங் பிரிவில் வேலை. முன்கையில் இரண்டு சூட்டுத் தழும்புகள்.

நாலாவது பாட்டு தொடங்கியது. அதே சத்தம். மகுடேஸ்வரன் இந்த முறை நோட்டுப்புத்தகம் கொண்டுவந்திருந்தார். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, நூல் இழுத்தது என்று ஒரு உடுப்பில் வரக்கூடிய குறைகளை எல்லாம் பிரிசில்லா வரிசையாகக் கத்தினாள். ஒவ்வொன்றுக்கும் மற்ற இருவரும் 'ரிஜெக்ட்' என்று கத்தினார்கள். நல்ல யோசனை, ஆனால் நீளம் என்று எழுதினார். ஐந்தாவது சுமார். ஆறாவதில் கிதார் சுருதி விலகிக்கொண்டே போனது, யாழினிக்கும் அது தெரிந்தே இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே வாசித்து முடித்தாள்.

ஏழாவதற்கு முன்னால் தனுஷ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். பிரிசில்லா மைக்கை எடுக்கவில்லை. சும்மா பேசுகிற குரலில், பக்கத்து மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் பாடினாள்.

'வேன் கண்ணாடில தல மோதும்,
மோதட்டும், எழுப்பாதீங்க.
பூலுவபட்டி வர்றதுக்கு
அஞ்சு நிமிஷம் இருக்கு.'

நான்கு வரிதான். அதையே மறுபடியும் பாடினாள். மூன்றாவது முறை யாழினி ஒரே ஒரு தந்தியை மீட்டத் தொடங்கினாள். நான்காவது முறை தனுஷ் குச்சிகளை எடுத்தான். 'எழுப்பாதீங்க' என்ற சொல்லில் மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள், தூங்குகிறவளை எழுப்பிவிடக்கூடாது என்று ஊரையே எழுப்புகிற கத்தல். டியூப்லைட் ஒன்று அதிர்ந்து அணைந்து எரிந்தது. மகுடேஸ்வரன் காலை ஆறே முக்காலுக்குப் பைக்கில் போகும்போது கம்பெனி வேன்களைப் பார்த்திருக்கிறார். கண்ணாடியில் சாய்ந்த முகங்களைப் பார்த்திருக்கிறார். பாட்டு முடிந்தபோது நோட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தனுஷ்தான் முதலில், "சொல்லுங்கண்ணே, எப்பிடி இருக்கு?" என்றான்.

"ஆறாவது பாட்டு வேண்டாங்க. இன்னும் தயாராகல" என்றார். பிறகு தயங்கி, "நீங்க தாளத்துல பின்னாடி விழறீங்க. எல்லாப் பாட்டுலயும்" என்றார்.

"அது வேணும்னேதாண்ணே."

யாழினி அவனைப் பார்த்தாள்.

"இல்லண்ணே, விழுகுறேன்" என்றான் தனுஷ்.

பிரிசில்லா சிரித்தாள். அவர் அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். "கடைசிப் பாட்டு?" என்று கேட்டாள்.

மகுடேஸ்வரன் நோட்டை மூடினார். ஒன்பது வருடமாக இதற்கான சொற்களைத்தான் சேர்த்துவைத்திருந்தார். "அதப் பத்தி எழுதறேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவே எழுத உட்கார்ந்தவர் வியாழக்கிழமைதான் முடித்தார். முதல் வரியிலேயே சொன்னார்: அன்றைக்கு நான் மூன்று பாட்டுதான் கேட்டேன், ஏழையும் கேட்டதாக எழுதியது பொய். நீங்கள் எல்லோரும் ரசித்த அந்த வரியை மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன்பே யோசித்துவிட்டேன். பிறகு ஏழு பாட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். இரண்டு பாட்டு மோசம் என்றும், டிரம்ஸ் பின்தங்குகிறது என்றும், ஏழாவது பாட்டு இந்த ஊரில் இதுவரை தான் கேட்ட எதைப்போலவும் இல்லை என்றும் எழுதினார். கடைசியில் தன் சொந்தப் பெயரைப் போட்டார். போடலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போட்டார்.

அதை இருநூற்றுப் பதினாறு பேர் படித்தார்கள். பழைய வரியின் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடமாகப் படித்துவரும் வாசகர் ஒருவர், 'இதற்கு முன் எத்தனை கச்சேரியில் பாதியில் எழுந்து போனீர்கள்?' என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 'இரண்டு' என்று பதில் எழுதினார். அந்த வாசகர் பிறகு வரவில்லை. கோயம்புத்தூர்க் கல்லூரிக்குக் கட்டுரையை அனுப்பினார்; அவர்கள் நன்றி சொன்னார்கள், வேறு குழுவை முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார்கள். அலுவலகத்தில் இரண்டு பேர் மட்டும், "சார், பாட்டெல்லாம் எழுதுவீங்களா?" என்று கேட்டார்கள். பாட்டைப் பற்றி என்று திருத்தினார். வித்தியாசம் அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

பிரிசில்லாவிடமிருந்து வந்த செய்தி இது: 'ஆறாவது பாட்ட எடுத்துட்டோம் சார். அஞ்சாவது உங்களுக்குப் புரியல.'

பொங்கல் கழிந்து, ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, வேலம்பாளையத்தில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு கொடுக்கிற விழா. பரிசு கொடுத்து முடித்த பிறகு அரை மணி நேரம் கட்டிங் வேஸ்ட் பாடலாம் என்று சொல்லியிருந்தார்கள். மகுடேஸ்வரன் ஐந்து மணிக்கே போய்விட்டார். காலி மனையில் மேசைகளைச் சேர்த்துப்போட்ட மேடை. ஒடிசாப் பையன்கள் ஒரு கும்பலாகக் கோணிப்பைகளின் மேல் உட்கார்ந்து என்ன நடக்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் குழந்தைகளுடன் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். கையில் பிளாஸ்க். மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிரிசில்லாவையே பார்த்துக்கொண்டிருந்தவர், சற்று நேரம் கழித்து மகுடேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"அது எம் மவதான்" என்றார்.

"அப்படிங்களா."

"இதுவர நான் கேட்டதில்ல. சர்ச்சுல பாடிட்டு இருந்தவ. இப்போ இதத்தான் பாடுவேங்கா." பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினார். "சுக்குத்தண்ணி. இப்பிடிக் கத்துனா சங்கு புண்ணாயிராதா? ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்குமாய்யா?"

"கொஞ்சம் வெளங்குங்க. சிலது நல்லா இருக்குங்க."

"எல்லாம் நல்லா இல்லியோ?"

அவர் பதில் சொல்வதற்குள் தனுஷ் குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினான். முதல் பாட்டு இடியைப்போல இறங்கியது. முன்னால் இருந்த ஒடிசாப் பையன்கள் சட்டென்று எழுந்துவிட்டார்கள், அவர்கள் எழுந்ததும் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள், கைக்குழந்தை ஒன்று அழத் தொடங்கியது, யாரோ விசில் அடித்தார்கள். மேடை மறைந்தது. அந்த அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார், இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பிளாஸ்கை மகுடேஸ்வரனின் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாற்காலியின் மேல் ஏறினார். நாற்காலி ஆடியது; மகுடேஸ்வரன் எழுந்து அதன் முதுகைப் பிடித்தார். விழாமலிருக்க அந்த அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மேலே அந்த அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று மகுடேஸ்வரனுக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி அசையும். மகள் குரல் உயர்கிற ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கை அவர் தோளை இறுக்கியது, பிறகு கொஞ்சம் விட்டது, மறுபடி இறுக்கியது. ஒரு கையில் சூடான பிளாஸ்கையும், மறு கையில் நாற்காலியின் முதுகையும் பிடித்துக்கொண்டு, யாருடைய முதுகுகளோ தெரிகிற திசையைப் பார்த்தபடி அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.