நல்ல ஹைசுங் வேண்டாம் என்ற மாமனார்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. 1987இல் ஹம்பேர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஆசியக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது ஜேசுரட்ணம் வந்து பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, நீங்கள் எழுதிறனீங்கள்தானே? எனக்கு ஒரு ஆளிலை சந்தேகம். எழுதிப் பார்த்தால் உங்களுக்கு விளங்கும்."

எழுதினால் விளங்கும் என்று இவனுக்கு யார் சொன்னார்களோ! சந்தேகத்துக்குரிய ஆள் அவனுடைய மாமனார் ஹோர்ஸ்ட். ஜெர்மன்காரர்.

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிய ஒரு மாலையில்..." வேண்டாம். ஜெர்மனியைப் பற்றி நாங்கள் எழுதும் எல்லாக் கதையிலும் பனிதான் முதலில் இறங்குகிறது.

நேராகச் சொல்கிறேன். ஜேசுரட்ணம் பாஷையூர் என்ற மீன்பிடிக் கிராமத்துக்காரன். எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு வந்து அகதி முகாமில் விறைத்துக் கிடந்தவன். அங்கே ஹைசுங், அதாவது அறைகளைச் சூடாக்கும் அமைப்பு, காவலாளியின் கையில் இருந்தது. அவர் நிறுத்தினால் எல்லோரும் நடுங்க வேண்டியதுதான். பிறகு ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்தில் வேலை கிடைத்தது. அங்கே வேலை செய்த பிரிகிற்றாவைக் கலியாணம் செய்தான். இப்போது அவளுடைய தகப்பன் கொடுத்த காணியில் வீடு கட்டுகிறார்கள்.

இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும். எரிவாயுவைக் குறைவாகக் குடிக்கும் புது மாதிரி ஹைசுங். இல்லையென்றால், சுவரிலும் கூரையிலும் தடிப்பாகக் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, உள்ள சூட்டை வெளியே விடாமல் காப்பது. ஜேசுரட்ணத்துக்கு ஹைசுங்கில் ஆசை. ஹோர்ஸ்ட் பஞ்சுதான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

இதில் என்ன சந்தேகம் என்கிறீர்களா? ஹோர்ஸ்ட் வாழ்நாள் முழுவதும் செய்த தொழிலே வீடுகளில் ஹைசுங் பூட்டுவதும் அதைப் பழுது பார்ப்பதும்தான்.

3

சந்தேகத்தை ஊதிவிட்டவன் கதிர்காமநாதன், முகாமில் ஜேசுரட்ணத்தோடு ஒரே அறையில் இருந்தவன்.

"மச்சான், மீன் விக்கிறவனே உன்னை மீன் வாங்காதை எண்டால் என்ன அர்த்தம்? மூத்த மகளுக்குத் திறமானதாய்ப் பூட்டிக் குடுத்தவரெல்லே. உனக்கு மட்டும் பஞ்சோ?"

"ஏன் எண்டு நினைக்கிறாய்?"

"நீ நிலைக்க மாட்டாய் எண்டு நினைக்கிறார். ஹைசுங்கை நீ கழட்டிக்கொண்டு போகலாம். சுவரைக் கொண்டுபோக ஏலாது."

(ஹைசுங்கின் கொதிகலனைத் தோளில் சுமந்துகொண்டு நாடு கடத்தப்பட்ட ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் சந்தேகத்துக்கு இவ்வளவு போதும்.)

நானும் நம்பிவிட்டேன். மருமகனின் முகத்தைப் பார்க்காமல் சுவரையே தட்டிப் பார்க்கும் ஒரு ஹோர்ஸ்டை எழுதினேன். அவருக்கு ஒரு வஞ்சகச் சிரிப்பும் வைத்தேன். வீட்டு வேலை முடிந்த அன்றே அவர் மருமகனை

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். அடுத்த சனிக்கிழமை ஜேசுரட்ணம் வந்து அதைக் கெடுத்துவிட்டான்.)

4

அவன் நேரே கேட்டுவிட்டானாம், கூரை போடாத அந்த வீட்டுக்குள் வைத்து.

"மாமா, மூத்த மகளுக்குப் பூட்டினதை எனக்கு ஏன் வேண்டாம் எண்டிறியள்?"

(பேசியது ஜெர்மனில். நான் தருவது அவன் எனக்குச் சொன்ன தமிழ். 'மாமா' அவன் சேர்த்தது. வேறு எதைச் சேர்த்தான், எதை விட்டான் என்று எனக்குத் தெரியாது.)

ஹோர்ஸ்ட் அளவுநாடாவைச் சுருட்டினாராம்.

"ஹைசுங் ஒரு நாள் பழுதாகும். நான் இருந்தால் வருவன். நான் இல்லாட்டி ஆரையோ ரெலிபோனிலை கூப்பிடுவாய். பேரைக் கேப்பினம். உன்ரை வெளிநாட்டுப் பேரைச் சொல்லுவாய். அடுத்த கிழமை வாறம் எண்டுவினம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் அப்பிடிச் சொன்னனான்."

கையைச் சுவரில் வைத்து, "சுவருக்கு ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்லை" என்றாராம்.

5

என் வில்லன் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவரையும் நான் நம்பவில்லை. இது பாசமா? தன்னைப் போன்றவர்கள் இனியும் அப்படித்தான் இருப்பார்கள் என்று ஒப்புக்கொண்டு, தன் வீட்டு ஆளை மட்டும் காப்பாற்றும் தந்திரமா?

"கட்டிப்பிடிக்கவும் மனம் வந்தது அண்ணை, அடிக்கவும் வந்தது" என்றான் ஜேசுரட்ணம்.

இரண்டையும் செய்யவில்லை. கடைசியில் பஞ்சுக்கு ஒத்துக்கொண்டான். கூரை ஏறியதும் இருவருமாக அதன் உட்புறத்தில் பஞ்சை அடைத்தார்கள். கையெல்லாம் அரித்தது. அப்போது அவன் கேட்டான்:

"ஆருக்கு அப்பிடிச் சொன்னீங்கள்?"

"கனபேருக்கு."

"ஒராளைச் சொல்லுங்கோ."

"வில்ஹெல்ம்ஸ்பூர்க்கிலை ஒரு துருக்கிப் பொம்பிளை. போன மாரிக் குளிரிலை. ரெலிபோனிலை பிள்ளை அழுதது கேட்டது."

"போனீங்களோ?"

"இல்லை."

"அப்ப இறங்குங்கோ. இப்ப போவம்."

6

வீடு முடிந்துவிட்டது. மலிவான சின்ன ஹைசுங்தான், ஆனாலும் சூடு நிற்கிறது. கதிர்காமநாதனே அங்கே மேற்சட்டையைக் கழற்றிவிட்டு இருந்ததைக் கண்டேன். ஆனால் கதை அந்த வீட்டில் முடியவில்லை.

என்னிடம் இரண்டு முடிவுகள் உண்டு. அந்தத் துருக்கிப் பெண் தேநீர் கொடுக்கிறாள். அல்லது கதவை முகத்தில் அறைந்து சாத்துகிறாள். முதலாவது ஹோர்ஸ்டுக்கு வசதி. இரண்டாவது எனக்கு வசதி. அதனால் இரண்டிலும் எனக்குச் சந்தேகம்.

"என்னதான் நடந்தது?" என்று ஜேசுரட்ணத்திடம் கேட்டேன்.

"சொன்னால், அவரை நல்லவராய் எழுதுவியள், இல்லாட்டிக் கெட்டவராய் எழுதுவியள். விடுங்கோ அண்ணை."

விடுகிறேன். இரண்டு ஆண்கள் அவள் வீட்டுப் படியில் நிற்கிறார்கள். முன்னால் நிற்கும் கிழவர் கருவிப் பெட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றுகிறார். மணி அடித்தாயிற்று. கதவின் உட்பக்கம், அவளுடைய இடத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது நீங்கள். திறப்பதா வேண்டாமா என்று நீங்களே பாருங்கள். நான் போறன்.